300 டாலர் துப்பாக்கிக்கு 600 டாலர் பட்ஜெட் போடுங்க!

அமெரிக்காவுல பென்சில்வேனியால வேலை பார்க்கிற நம்ம சேனல் தம்பி ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "அண்ணா, ஆபீஸ்ல பாதிப் பேர் மான் வேட்டைக்குப் போறாங்க. என்னையும் கூப்பிடுறாங்க. விலை கம்மியா ஒரு மசில்லோடர் சொல்லுங்க."

மசில்லோடர்னா நம்மூர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி, குழல் வாய் வழியா மருந்தையும் குண்டையும் கெட்டிச்சுச் சுடுறது. அங்க பல மாநிலங்கள்ல இதுக்குன்னே தனி சீசன் உண்டு. (இந்தியாவுல இருக்கிறவங்க ஆசைப்படாதீங்க. 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்க மான் வேட்டை குற்றம்.)

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். "எது விலை கம்மி?"ங்கிறது தப்பான முதல் கேள்வி. "எந்த சீசன்ல, எந்த விதிப்படி சுடப் போறேன்?" இதுதான் முதல் கேள்வி. இதைக் கேட்காம வாங்கினா, கம்மி விலைத் துப்பாக்கியே தண்டச் செலவாயிடும்.

பென்சில்வேனியாவையே எடுத்துக்குவோம். அக்டோபர் மசில்லோடர் சீசன்ல ஸ்கோப் மாட்டின இன்லைன் துப்பாக்கி செல்லும். ஆனா கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வர்ற சீசன்ல ஃப்ளின்ட்லாக் மட்டும்தான், அதாவது சிக்கிமுக்கிக் கல் பொறியில பத்திக்கிற பழைய வகை. ஸ்கோப் கிடையாது. லீவு இருக்கேன்னு டிசம்பர் கடைசியில போக நினைச்சு, ஆஃபர்ல இன்லைன் வாங்கியிருந்தா? அது வீட்டு அலமாரியில தூங்கும். கொலராடோவுல இன்னும் கறார்: மசில்லோடர் சீசன்ல ஸ்கோப், பெல்லட் மருந்து, சாபட் குண்டு எதுவும் கூடாது.

சரி, அக்டோபர்தான்னு முடிவாச்சு. புதுசா ஆரம்பிக்கிறவருக்கு .50 காலிபர், நடுவுல மடிச்சுத் திறக்கிற இன்லைன் போதும். சிவிஏ உல்ஃப், ட்ரெடிஷன்ஸ் பக்ஸ்டாக்கர் மாதிரி ஆரம்ப மாடல்கள் 300 டாலர் பக்கம் வரும். ஆயிரம் டாலரைத் தாண்டுற மாடலும் இருக்கு, அது ரொம்ப தூரம் சுடுறவங்களுக்கு. முதல் வருஷம் நீங்க 100 கஜத்துக்குள்ளதான் சுடணும். அதுக்கு இந்த 300 டாலர் துப்பாக்கியே தாராளம்.

ஆனா செலவு அங்க முடியாது. என் உத்தேசக் கணக்கு இது:

- துப்பாக்கி: 300
- சாதாரண ஸ்கோப்: 80
- மருந்து, 209 ப்ரைமர், குண்டு: 120
- துடைக்கிற சாமான், அளவுக் குழாய்: 40
- ஆரஞ்சு சட்டை, தொப்பி: 25
- உரிமங்கள் (மாநிலவாசிக்கு): 35

மொத்தம் 600 டாலர். விலைச்சீட்டுல இருக்கிறதைப் போல சரியா ரெண்டு மடங்கு!

இதுல எதைக் குறைச்சாலும் மருந்தைக் குறைக்காதீங்க. 100 பெல்லட் பெட்டியில ஒரு தடவைக்கு 50 கிரெய்ன் பெல்லட் ரெண்டு போட்டா, 50 ஷாட் கிடைக்கும். அதுல முக்கால்வாசியைப் பயிற்சிக்கே செலவு பண்ணுங்க. பயிற்சி இல்லாம போய், மானைக் காயப்படுத்தி ஓட விடுறது பண நஷ்டத்தைவிடப் பெரிய தப்பு. காசு மிச்சம்னு ஸ்மோக்லெஸ் பவுடரை மட்டும் போட்றாதீங்க. இந்தத் துப்பாக்கிகள் அதுக்காகச் செஞ்சதில்ல, குழலே வெடிச்சிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? வாங்கலாம். ஆனா இந்த மருந்துப் புகைக்கரி இரும்பை அரிக்கும். சுட்ட அன்னிக்கே துடைக்காதவர் துப்பாக்கியில உள்ளே துரு இருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க. கெட்டிக்கிற கம்பியை உள்ளே விட்டு, முழு ஆழம் போகுதான்னும் பாருங்க. போகலன்னா, உள்ள யாரோ கெட்டிச்ச குண்டு அப்படியே இருக்கலாம். அப்போ கையை எடுத்துட்டு, துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்கிட்ட விட்டுடுங்க.

இப்போ முக்கியமான விஷயம். நீங்க ஹெச்-1பி மாதிரி தற்காலிக விசாவுல இருந்தா, துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டத்துல தடை இருக்கு. செல்லுபடியாகிற வேட்டை உரிமம் இருக்கிறவங்களுக்கு விலக்கு உண்டு. மசில்லோடர்ல பலதை மத்திய சட்டம் "துப்பாக்கி"யாவே கணக்குல எடுக்கிறதில்ல, ஆனா மாநிலச் சட்டம் வேற மாதிரி சொல்லலாம். அதனால வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, உரிமம், குடியேற்ற வழக்கறிஞர்கிட்ட ஒரு ஆலோசனை, இந்த மூணும் முடிஞ்ச பிறகுதான் கடைக்குப் போங்க. 300 டாலர் பொருளுக்காக, சம்பளம் தர்ற விசாவைப் பணயம் வைக்காதீங்க.

கடைசியா, "கறி ஃப்ரீயா கிடைக்கும்ல?"ன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். 600 டாலரோட பெட்ரோல், கறி வெட்டித் தர்ற கூலி எல்லாம் சேருங்க. முதல் வருஷம் மான் கிடைக்காமலேயும் போகலாம். இது முதலீடு இல்ல, பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்குன்னு ஒதுக்கின காசுல, தவணை இல்லாம வாங்க முடிஞ்சா வாங்குங்க. முடியலன்னா இந்த வருஷம் நண்பர்கள் கூட சும்மா போய் உட்கார்ந்து பாருங்க. அந்தக் குளிர்ல விடியக்காலைல மூணு மணி நேரம் அசையாம இருக்கிறது உங்களுக்குப் பிடிக்குதான்னு, காசு செலவில்லாமலே தெரிஞ்சிடும்!