கூலி என்றால் ஆள் அல்ல, சம்பளம்

மெர்கோங் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வெளியே வரும் நம் பையன்களிடம் என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். "சும்மா கூலி வேலைதாண்ணே" என்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. வீட்டிலோ அம்மா சின்னவனைத் திட்டுகிறார்: "படிக்கலன்னா நீயும் கூலியாத்தான் போவே!"

இந்தச் சொல்லைக் கேட்டு வெட்கப்பட நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

தமிழில் கூலி என்பது மனிதனின் பெயரே அல்ல. செய்த வேலைக்குக் கொடுத்தாக வேண்டிய பணம், அல்லது நெல். வள்ளுவரும் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உழைத்த உடம்புக்குச் சேர வேண்டிய பலன் என்றுதான் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். மலையாளம், கன்னடம், தெலுங்கிலும் அது சம்பளம்தான். சிங்களத்தில் வீட்டு வாடகைக்குக் கூட இதே சொல்தான்.

பிறகு வெள்ளைக்காரன் அகராதி எழுதினான். குஜராத்தில் இருக்கும் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்து வந்தது என்கிறார் ஒருவர். அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொல்லும் அதில் கலந்திருக்கலாம் என்கிறார் இன்னொருவர். தமிழ்க் கூலிதான் மூலம் என்போரும் உண்டு. இந்தச் சண்டையில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. எங்கிருந்து வந்திருந்தாலும், கப்பல் ஏறிய பிறகு நடந்தது ஒன்றுதான். சம்பளத்தின் பெயரை எடுத்து ஆளின் நெற்றியில் ஒட்டினார்கள். சம்பளம் சுருங்கிப் போனது, பெயர் மட்டும் நிலைத்தது.

சீனர்கள் அதே ஓசைக்கு இரண்டு எழுத்துகளைப் போட்டார்கள்: கசப்பு, வலிமை. கசப்பான உழைப்பு! சுமத்ராவில் டச்சுக்காரர்கள் 1880இல் கூலிச் சட்டம் என்றே ஒன்று கொண்டுவந்தார்கள். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. தென்னாப்பிரிக்காவில் அது வெறும் வசைச்சொல். அங்கே காந்தியையே கூலி வக்கீல் என்றார்கள். நம் ஆட்களின் பெயர்கள் "சாமி" என்று முடிவதால் இந்தியர்களை "சாமி" என்றும் இளக்காரமாகக் கூப்பிட்டதை அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மொரிஷியசில் நம்மவர்கள் கரையிறங்கிய கூலி காட் துறைக்கு 1987இல் ஆப்பிரவாசி காட் என்று பெயரை மாற்றினார்கள். மலாயில் சம்பளத்துக்கு "உப்பா" என்று வேறு சொல் இருக்கிறது. "கூலி" என்றால் ஆள் மட்டும்தான்.

(நம் கூலிம் பட்டணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ஒரு மரத்தின் பெயர். பூண்டு வாடை அடிக்கும் மரம். "கூலிகள் இருந்ததால் கூலிம்" என்று கேலி பேசுகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.)

இலங்கை மலையகத் தோட்டங்களில் இன்னொரு வழக்கம். ஒரு நாள் கூலியை அங்கே "பேர்" என்கிறார்கள். கொழுந்து நிறை குறைந்தால் "அரைப்பேர்"தான் விழும். பாருங்கள், கூலி மனிதனின் பேரானது, மனிதனின் பேர் கூலியானது.

ஆனால் நம் முன்னோர் எல்லாரும் தலை குனிந்து நின்றவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்தவர்கள் கூலியை மட்டும் கூட்டிக் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அவர்கள் கோரிக்கை. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நம் கெடாவிலேயே, போர் முடிந்த 1945 முதல் 1947 வரை, பீடோங் பக்கம் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி நடத்திய தொண்டர் படை கள்ளுக்கடை முன் மறியல் செய்தது. தோட்டம் கொடுத்த கூலி தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிப் போனால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? அதைக் கேட்டவர் ஒரு "சாமி"!

இன்று நாம் என்ன செய்கிறோம்? தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வங்காளதேசத்துக்காரரையும் இந்தோனேசியரையும் பார்த்து "அவன் கூலி" என்கிறோம். நம் தாத்தாவின் நெற்றியில் ஒட்டியதை உரித்து அடுத்தவன் நெற்றியில் ஒட்டுகிறோம். அவனுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்தால் நமக்கும் அதுதான் கணக்கு என்பது முதலாளிக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியவில்லை. 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள இடங்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து அதுதான். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். வீட்டு வேலைக்காரர்களை மட்டும் விட்டுவிட்டார்கள். சம்பளச் சீட்டை வாங்குங்கள், வாசியுங்கள். சேமநிதியும் சொக்சோவும் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். "கூலி எவ்வளவு?" என்று கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பால் வெட்டப் போன ஒவ்வொரு நாளுக்கும் லயத்துச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். ஒரு மாதம் கிராணியின் செக்ரோலில் 22 நாள், சுவரில் 24 கோடு. கிராணியைக் கையோடு கூட்டி வந்து சுவரைக் காட்டி, இரண்டு நாள் கூலியை வாங்கிய பிறகுதான் அன்றைக்கு அடுப்பு மூட்டினாராம்.