சோதினை முடியச் சரியாயிடுமா?

ஏ.எல் படிக்கிற பிள்ளை ஒன்று "செத்துப்போகலாம் போல இருக்கு" எண்டு சொன்னால், "வயசுக் கோளாறு, சோதினை முடியச் சரியாயிடும்" என்பதுதான் நாங்கள் பழகிய பதில். கம்பஸ் வந்த பிறகும் பலருக்கு அது சரியாவதில்லை. பதின்ம வயதில் இந்த எண்ணம் வந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வும் பதகளிப்பும் வரும் வாய்ப்புக் கூட என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது தலைவிதி இல்லை. நேரத்தோடு உதவி கிடைத்தால் மாறும்.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டத்தை இலங்கை 1998இலேயே நீக்கிவிட்டது. எங்கட வாய்தான் இன்னும் தீர்ப்புச் சொல்லுது.

"சாகிற யோசனை வருதா?" எண்டு நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. விசாரிப்போம், பதிலைக் குறுக்கிடாமல் கேட்போம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம். பக்கத்தில் இருந்து நாங்களே எடுத்துக் கொடுப்போம்.