குழந்தை ஒன்றும் லக்கேஜ் இல்லை!

"திண்டிவனம் அருகே...", "விழுப்புரம் அருகே..." காலையில் பேப்பரைப் புரட்டும் சென்னைவாசிக்கு இந்த இரண்டு ஊரும் பெரும்பாலும் இப்படித்தான் அறிமுகம். 'அருகே'வுக்குப் பிறகு என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நின்றுகொண்டிருந்த லாரி, பின்னால் மோதிய கார், அதிகாலை, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த... போதும். படித்துவிட்டு ஒரு 'உச்' கொட்டுவோம். அடுத்த வாரமே அதே ரோட்டில், அதே அதிகாலையில், ஒன்றரை வயசுக் குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் கொடைக்கானலில் டென்ட் போடப் போய்க்கொண்டிருக்கும்.

இந்த ஃபேமிலி ட்ரிப் எப்படிப் பிளான் பண்ணப்படுகிறது என்று பாருங்கள். "ராத்திரி கிளம்பிடலாம். டிராஃபிக் இருக்காது, குழந்தையும் தூங்கிடும், விடியும்போது மலை ஏறிடலாம்." கேட்க ரொம்ப புத்திசாலித்தனமாக இருக்கும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 125 கிலோமீட்டர், விழுப்புரம் சுமார் 160. ஆபீஸ் முடிந்து, பேக்கிங் முடித்து, பன்னிரண்டு மணிக்கு வண்டியை எடுத்தால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே வரும்போது மணி இரண்டிலிருந்து மூன்று. மனித உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சுகிற நேரம் அதுதான். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் பகல் முழுக்க வேலை பார்த்தவர். ரோடோ நேர்கோடு. இருட்டில் ஓரமாக நிற்கும் லாரிக்கு பின்விளக்கு எரிகிறதா என்பது அந்த லாரிக்காரரின் மனசாட்சியைப் பொறுத்தது.

தமிழ்நாட்டு ஹைவேக்களில் நடுராத்திரியில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி, டிரைவரை முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பிய செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. போலீசே டீ போட்டுக் கொடுக்கிறார்கள் என்றால் பிரச்சினை எவ்வளவு பெரிசு என்று புரிய வேண்டாமா? நம் ஆட்கள் அதை "செம சர்வீஸ் மச்சி" என்று ஷேர் பண்ணிவிட்டு மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள்.

கேட்டால் அட்வென்ச்சராம். அட்வென்ச்சர் என்பது ரிஸ்க் தெரிந்து சம்மதித்தவன் செய்வது. நாலு நண்பர்கள் பைக்கில் போய் விழுந்து எழுந்தால் அது அவர்கள் பாடு. ஒன்றரை வயசுக் குழந்தையிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? கேட்டிருந்தால் "ம்மா... தாச்சி" என்றிருக்கும்.

சரி, இதைச் சொன்னதும் வழக்கமாக வரும் பதில்களுக்கு வருவோம்.

"அம்மா மடியை விடப் பாதுகாப்பான இடம் எது?"

உணர்ச்சிவசமான வாதம், ஆனால் நியூட்டனுக்கு சென்டிமென்ட் கிடையாது. குழந்தையின் எடை 12 கிலோ, காரின் வேகம் வெறும் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிலோ மோதி, பத்தில் ஒரு நொடியில் கார் நிற்கிறது. அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த அம்மாவின் கைகளுக்கு சுமார் 200 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். அதாவது 25 கிலோ அரிசி மூட்டை எட்டு. வேகம் 100 என்றால் கிட்டத்தட்ட 340 கிலோ, பதிமூன்று மூட்டைக்கும் மேலே. எந்த அம்மாவாலும் முடியாது. பாசம் குறைவு என்பதால் இல்லை, கை என்பது கைதான். இதில் அம்மாவும் பெல்ட் போடாமல் இருந்தால், அவர் மொத்த எடையும் சேர்ந்து குழந்தையின் மேல்தான் விழும். முன் சீட் என்றால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஏர்பேக் வெடித்து வெளியே வரும், அதுவும் குழந்தையின் மேல்தான். பெரியவர்களைக் காப்பாற்ற வைத்த பொருள், மடியில் இருக்கும் குழந்தைக்கு சுத்தியல்.

குழந்தைக்கான தனி சீட்டைச் சரியாகப் பொருத்திப் பயன்படுத்தினால் கைக்குழந்தைகளின் மரணத்தைச் சுமார் 70 சதவிகிதம் குறைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது பின் சீட்டில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தை என்றால் அதன் முகம் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஐரோப்பாவின் புதிய விதி குறைந்தது 15 மாதம் வரைக்கும் இப்படித்தான் என்கிறது.

"நம்ம ஊர்ல இதெல்லாம் சட்டமா என்ன?"

சட்டம்தான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஃபாஸ்டேக்கில் பேலன்ஸ் இருக்கிறதா என்று ஒரு விநாடியில் பார்த்துவிடுகிறது மெஷின். மடியில் குழந்தை இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. பணம் வசூலிப்பதில் உள்ள அக்கறையில் பாதியாவது அரசாங்கத்துக்கு இதில் இருந்திருக்கலாம். அதற்காக, பிடிக்க ஆளில்லை என்பதாலேயே பெற்றவர்கள் மீறலாமா?

"அந்தக் காலத்துல நாங்கல்லாம் சீட்லயா வந்தோம்?"

பெரியப்பாக்களின் ஃபேவரைட் டயலாக். அந்தக் காலத்தில் இதே ரோடு இரண்டு லேன். இரண்டு பக்கமும் புளியமரம், எதிரே லாரி, குறுக்கே மாட்டுவண்டி. அம்பாசிடர் 60-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். இப்போது நாலு லேன், நூறைத் தாண்டுகிற முள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நாலு மடங்கு. ரோட்டை மாற்றிவிட்டு, காரை மாற்றிவிட்டு, பழக்கத்தை மட்டும் அம்பாசிடர் காலத்திலேயே வைத்திருப்பது என்ன நியாயம்? தவிர, அப்படி வந்து பிழைத்தவர்கள்தான் இன்று இந்த டயலாக்கைப் பேசுகிறார்கள். பிழைக்காதவர்கள் வந்து பேச முடியாது.

"விலை ஜாஸ்திப்பா..."

இங்கேதான் காமர்ஸ் படிக்கிறவர்கள் வாயைத் திறக்க வேண்டும். குழந்தை சீட்டின் விலை சில ஆயிரங்களில் தொடங்குகிறது. அலாய் வீல், லெதர் சீட் கவர், டிக்கி அதிர வைக்கும் வூஃபர், மலையில் ஒரே ஒரு ராத்திரிக்கு டென்ட் வாடகை... இதற்கெல்லாம் யாரும் விலை ஜாஸ்தி என்று சொல்வதில்லை. மூன்று நாலு வருஷம் உழைக்கிற பொருளின் செலவை அந்த வருஷங்களுக்குப் பிரித்துப் பாருங்கள், தேய்மானக் கணக்கு பிளஸ் டூவிலேயே வருகிறதே! மாதம் ஒரு பிரியாணி விலைக்கு மேல் போகாது.

கூடவே இன்னொரு பாடமும் உண்டு, சங்க் காஸ்ட். போன பணம் போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று முதல் வருஷத்திலேயே எழுதிப் பாஸ் பண்ணுகிறோம். ஆனால் கிளம்புகிற நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "டென்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டியாச்சே, மருந்து கொடுத்துக் கூட்டிட்டுப் போயிடலாம்." இரண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸுக்காக நானூறு ஐநூறு கிலோமீட்டர்!

சரி, அப்போது குழந்தை பிறந்தால் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டுமா? யார் சொன்னது? தமிழ்க் குழந்தையின் முதல் ரோட் ட்ரிப்பே குலதெய்வக் கோயிலுக்கு மொட்டை போடத்தானே! மரத்தடியில் அடுப்பு மூட்டி, கிளையில் சேலையால் தூளி கட்டி, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டவர்களுக்கு கேம்பிங் என்ற வார்த்தைதான் புதுசு. செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்மலையனூரில் ஒவ்வொரு அமாவாசை ராத்திரியும் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்து, கிடைத்த இடத்தில் பாயை விரித்துப் பிள்ளை குட்டிகளோடு தூங்குகிற கூட்டத்தைப் பாருங்கள். அதற்கு யாரும் பேக்கேஜ் போட்டு விற்கவில்லை.

தூக்கத்தில் தாண்டிப் போகிறார்களே, அந்த திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலேயே என்னென்ன இருக்கிறது தெரியுமா? திண்டிவனத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் செஞ்சிக் கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி உச்சிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம், அடிவாரத்தில் கல்யாண மகாலும் தானியக் களஞ்சியமும் போதும். விழுப்புரம் செஞ்சி வழியில் மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாக அவனே கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்ட கோயில் அது. திருவக்கரையில் சுமார் 2 கோடி வருஷப் பழமையான கல்மரங்கள். மரக்காணம் பக்கம் உப்பளம், கழுவேலி ஏரி. சீசனில் ரோட்டோரம் தர்பூசணிக் குவியல், நுங்கு. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, நடுவில் ஒருமுறை நிறுத்தி, குழந்தையை இறக்கி நடக்கவிட்டு, பத்து மணிக்கெல்லாம் வந்து சேரலாம். ராத்திரி ஊரிலேயே ஒரு ரூமில் தூக்கம். ஒன்றரை வயசுக்கு கொடைக்கானலும் ஒன்றுதான், மண்டகப்பட்டும் ஒன்றுதான். அதற்கு வேண்டியது கொஞ்சம் மண்ணும், துரத்த ஒரு ஆட்டுக்குட்டியும். ஸ்டேட்டஸ் போட மலை வேண்டியிருப்பது பெரியவர்களுக்கு.

கொடைக்கானல்தான் போயாக வேண்டுமா? ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பெர்த்தில் அம்மா பக்கத்தில் குழந்தை படுத்துத் தூங்கட்டும், கொடை ரோட்டில் இறங்கிப் பகலில் மலை ஏறட்டும். ஐந்து வயசுக்குள் என்றால், தனி பெர்த் கேட்காத வரை டிக்கெட்டும் கிடையாது. அந்த ரயிலும் விழுப்புரம் ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது, பத்திரமாக.

"ஆனா எதாவது ஆச்சுன்னா 108 இருக்கே" என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. இருக்கிறது, 2008-லிருந்து ஓடுகிறது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கி வைத்ததும் இதே ரோட்டில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான். முண்டியம்பாக்கத்தில் ரோட்டோரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் அவர்களால் 49-வது மணி நேரத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோக முயற்சி பண்ண முடியும், உத்தரவாதம் தர முடியாது.

கல்யாணமே ஆகாத காலேஜ் பசங்களுக்கு இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்கிறீர்களா? அந்தக் காரை ஓட்டப்போவது பெரும்பாலும் நீங்கள்தான் மக்களே! புது லைசென்ஸ், தூக்கம் வராத வயசு என்று வீட்டில் சாவியை நீட்டுவது சித்தப்பாவிடமும் தாய்மாமனிடமும்தானே. தாய்மாமன் மடி காது குத்துவதற்கு, காரில் உட்காருவதற்கு இல்லை.

எனவே சாவி கைக்கு வரும்போது மூன்று கண்டிஷன் போடுங்கள். பகலில்தான் ஓட்டுவேன். குழந்தைக்குப் பின்னால் தனி சீட் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவேன். ஒத்துக்கொள்ளவில்லையா, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அத்தை "ரொம்பப் பண்றான்" என்பார். பண்ணிவிட்டுப் போங்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, அதே வாயால் உங்களை எதிர்த்துப் பேசுகிற நாள் வரட்டும்!