நிலா எத்தனை நிமிடம்?

என் அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. பியானோவில் எட்டாம் நிலைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். தேர்வுக்கான பாடங்களோடு, சொந்த ஆசைக்காக மூன்லைட் சொனாட்டாவின் முதல் பகுதியையும் எடுத்துவைத்திருந்தாள். ஒரு ஞாயிறு மாலை அக்கா வீட்டில் தோசைக்குக் காத்திருந்தபோது கேட்டாள்.

“சித்தி, இதை எவ்வளவு மெதுவா வாசிக்கணும்?”

வானொலியில் வேலை பார்ப்பதால் குடும்பத்தில் எனக்கு இசை மேதை என்றொரு பட்டம் உண்டு. அதைக் காப்பாற்ற வேண்டாமா? “நிலா வெளிச்சம்மா. எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா வாசி” என்றேன்.

அடுத்த ஞாயிறு அவள் முகம் சரியாக இல்லை. “டீச்சர் சிரிச்சிட்டாங்க சித்தி. முதல் வரியிலயே போட்டிருக்கு, பார்க்கலையான்னு கேட்டாங்க. அதோட, நிலாவே பொய்யாமே!”

இரண்டும் உண்மைதான். பீத்தோவன் இந்தப் படைப்பை 1801இல் எழுதினார். 1802இல் வியன்னாவில் அச்சானது. அவர் வைத்த தலைப்பு ‘கற்பனைப் பாங்கில் ஒரு சொனாட்டா’ என்பதுதான். அதில் நிலாவும் இல்லை, ஏரியும் இல்லை. ரெல்ஷ்டாப் என்ற பெர்லின் விமர்சகர் முதல் பகுதியைக் கேட்டுவிட்டு, லூசெர்ன் ஏரிமேல் விழும் நிலவொளியோடு ஒப்பிட்டார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அதை உரித்தெடுக்க யாராலும் முடியாது.

ஆசிரியை காட்டிய ‘முதல் வரி’ என்ன? அங்கே ஆங்கில சி எழுத்தைப் போன்ற ஒரு குறி இருக்கும், அதை நெடுக்காக ஒரு கோடு வெட்டும். ஒவ்வொரு சுற்றையும் நான்காக எண்ணாதே, இரண்டாக எண்ணு என்று அதற்குப் பொருள். வேகம் ‘அடாஜியோ’தான், நிதானம்தான். ஆனால் நான்கு அடி வைத்து நடக்கும் நிதானம் வேறு, அதே தூரத்தை இரண்டு அடியில் கடக்கும் நிதானம் வேறு. இரண்டாக எண்ணினால் இசை நகரும். நான்காக எண்ணினால் நின்று நின்று போகும்.

அதாவது, பிள்ளைக்கு நான் தவறான வழி காட்டியிருக்கிறேன். குற்ற உணர்ச்சி சும்மா விடவில்லை. அடுத்த மூன்று வாரம், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எம்ஆர்டியில் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு இந்த ஒரு பகுதியையே வெவ்வேறு கலைஞர்கள் கையில் கேட்டேன். எழுதப்பட்ட ஸ்வரங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். நம் சங்கீதத்தில் கீர்த்தனையைப் பாடிவிட்டு நிரவல், கல்பனாஸ்வரம் என்று பாடகர் தன் வீட்டைக் கட்டிக்கொள்ளலாம். இங்கே அந்த உரிமை கிடையாது. ஒரு ஸ்வரத்தைக்கூடச் சேர்க்கவோ குறைக்கவோ முடியாது. பிறகு என்ன வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

முதலில் கேட்டது கிளென் கூல்ட். 1964இல் மேடைக் கச்சேரியே வேண்டாம் என்று விலகி, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்ட கனடாக்காரர். 1967இல் அவர் பதிவு செய்த முதல் பகுதி நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். குளிர்ந்த, சீரான ஓட்டம். அழுகை இல்லை, பெருமூச்சு இல்லை. மூன்று மூன்றாக வரும் அந்த ஸ்வரங்கள் தையல் இயந்திரம் போல ஓடுகின்றன என்று முதல் நாள் எரிச்சல்பட்டேன். மூன்றாம் நாள்தான் அடியில் இடது கை மெல்ல இறங்கிக்கொண்டே போவது காதில் விழுந்தது. மற்றவர்களிடம் அது தனித்தனி மணியோசை. கூல்டிடம் அது ஒரே நீண்ட வாக்கியம்.

அடுத்தது சாலமன். லண்டனின் கிழக்குப் பகுதியில் 1902இல் பிறந்தவர், மேடையில் முதற்பெயர் மட்டும் போதும் என்று இருந்தவர். அவருடைய 1952ஆம் ஆண்டுப் பதிவில் அதே முதல் பகுதி எட்டு நிமிடத்தைத் தாண்டுகிறது. கூல்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே அவர் விடும் இடைவெளியில் என் கை தானாக அசைந்தது. வானொலியில் எங்களுக்கு முதலில் கற்றுத்தரும் பாடம், மூன்று விநாடி மௌனம் என்றால் ஏதோ பழுது என்பதுதான். நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார். அந்தப் பயம் பத்து ஆண்டுகளாக என் விரலில் இருக்கிறது. சாலமன் அந்தப் பயம் இல்லாமல் வாசிக்கிறார். இசைக்குறிப்பின்படி பார்த்தால் அவர் செய்வது தவறு, இரண்டாக எண்ணச் சொன்னதை அவர் கண்டுகொள்ளவில்லை. நான் பிள்ளைக்குச் சொன்ன அதே தவறு. ஆனாலும் அந்த எட்டு நிமிடத்தில் ஒரு முறைகூட இசை அறுந்துபோகவில்லை. ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்க வேண்டியவள் மரீனா பே வரை போய்த் திரும்பினேன்.

1956இல் சாலமனைப் பக்கவாதம் தாக்கியது. அப்போது அவர் பீத்தோவனின் சொனாட்டாக்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். அந்த வேலை பாதியிலேயே நின்றுவிட்டது. அதன்பின் 1988 வரை வாழ்ந்தார், மேடையில் வாசிக்கவே இல்லை. இது தெரிந்த பிறகு அந்தப் பதிவை நடுநிலையோடு கேட்க என்னால் முடியவில்லை. முடிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஜெர்மானியர் வில்ஹெல்ம் கெம்ஃப் ஏறத்தாழ ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். 1960களின் நடுவில் வந்த அவருடைய ஸ்டீரியோ பதிவுதான் பல வீடுகளில் இருந்தது, இன்றும் இணையத்தில் தேடினால் முன்னால் வந்து நிற்பதும் அதுதான். யாரையும் பயமுறுத்தாத வாசிப்பு. வீட்டுப் பெரியவர் ஒருவர் மாலையில் தனக்காக வாசிப்பது போல இருக்கும். புதிதாகக் கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் தருவேன். ஆனால் எனக்குள் நிலைத்தது இதுவல்ல.

ஆர்தர் ஷ்னாபெலைத் தாண்டிப் போக முடியாது. பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலில் முழுமையாகப் பதிவு செய்தவர் அவர், 1932 முதல் 1935 வரை, லண்டன் ஏபி ரோடு கூடத்தில். இசைத்தட்டை அவர் அவ்வளவாக நம்பியதில்லை. பிழையான ஸ்வரங்கள் அங்கங்கே விழும், இன்றைக்கென்றால் தொழில்நுட்பக் கலைஞர் வெட்டி ஒட்டித் திருத்திவிடுவார். நானே தினமும் அந்த வேலையைச் செய்கிறேன், பேட்டியில் ஒருவர் திக்கியதை நீக்கி, மூச்சை நீக்கி, தயக்கத்தை நீக்கி. ஷ்னாபெலைக் கேட்ட மறுநாள், ஒரு முதியவரின் பேட்டியில் அவர் பதில் சொல்லத் தயங்கிய இடத்தை வெட்டாமல் விட்டேன்.

பத்தெரெவ்ஸ்கி ஒரு வேடிக்கையான ஆள். 1919இல் போலந்தின் பிரதமராகவே இருந்தவர். எழுபத்தைந்து வயதைக் கடந்தபின் ‘மூன்லைட் சொனாட்டா’ என்ற பெயரிலேயே ஒரு படத்தில் நடித்து வாசித்தார், 1937இல் வந்தது. இடது கை முன்னே போக, வலது கை அரைக் கணம் தாமதமாக வந்து சேரும். அந்தக் காலத்தில் அதுதான் உணர்ச்சி. இன்றைய தேர்வு அறையில் அப்படி வாசித்தால் மதிப்பெண் என்னாகும் என்று யோசித்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது.

இதுவரை சொன்னது வேகத்தைப் பற்றி. உண்மையான வம்பு பெடலில் இருக்கிறது.

பியானோவில் பெரும்பாலான தந்திகளின்மேல் சின்னச் சின்ன மெத்தை உட்கார்ந்திருக்கும். கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் அது விழுந்து ஒலியை அடக்கிவிடும். வலது பெடலை மிதித்தால் எல்லா மெத்தைகளும் எழுந்துகொள்ளும், ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று தங்கி நிற்கும். முதல் பகுதி முழுவதையும் மிக மென்மையாக, அந்த மெத்தைகள் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் எழுதிவைத்திருக்கிறார். முழுவதையும்! அவர் காலத்து வியன்னா பியானோவில் ஒலி சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் அது சாத்தியம். இன்றைய பெரிய கச்சேரி பியானோவில் தந்தி நெடுநேரம் அதிரும். அப்படியே மிதித்து வைத்தால் சேறாகிவிடும் என்று, பெரும்பாலோர் சுரம் மாறும் இடத்திலெல்லாம் பெடலை விட்டு விட்டு மிதிப்பார்கள்.

ஹங்கேரியில் பிறந்த ஆண்ட்ராஷ் ஷிஃப் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எழுதியிருப்பதைச் செய்துதான் பார்ப்போமே என்று, இன்றைய பியானோவிலேயே பெடலை இடையில் விடாமல் முதல் பகுதியை வாசிக்கிறார். இரண்டாக எண்ணுகிறார், இழுப்பதில்லை. ஒலிகள் புகைபோல ஒன்றுக்குள் ஒன்று போகின்றன. சில இடங்களில் ஒத்துப்போகாத ஸ்வரங்கள் உரசுகின்றன, உடம்பு சிலிர்க்கிறது. லண்டன் விக்மோர் அரங்கில் 32 சொனாட்டாக்களைப் பற்றியும் அவர் ஆற்றிய உரைகள் இணையத்தில் கிடைக்கின்றன. இந்தப் பகுதிக்கும் மொசார்ட்டின் ‘டான் ஜோவானி’ நாடகத்தில் வாள்குத்துப்பட்ட ஒரு தந்தை உயிர்விடும் காட்சிக்கும் உள்ள ஒற்றுமையை அதில் வாசித்தே காட்டுகிறார். அதே மூன்று மூன்றான ஸ்வர ஓட்டம். ஷிஃபுக்கு இது நிலாக்காட்சி அல்ல, மரணக்காட்சி. அதைக் கேட்டபின் கெம்ஃபிடம் திரும்பிப் போனேன். கெம்ஃப் மாறவில்லை, என் காது மாறியிருந்தது.

1801 ஜூனில் பீத்தோவன் தன் பால்ய நண்பர் வேகெலருக்கு ஒரு கடிதம் எழுதினார். காது மங்கிக்கொண்டே வருகிறது, எனக்குக் கேட்கவில்லை என்று மனிதர்களிடம் சொல்ல முடியாததால் கூட்டங்களைத் தவிர்க்கிறேன் என்பது அதன் சாரம். அப்போது அவருக்கு வயது முப்பது. அதே ஆண்டு எழுதியது இந்தச் சொனாட்டா. தன் மாணவி ஜூலியட்டா குயிச்சார்டி என்ற பிரபுக் குடும்பத்துப் பெண்ணுக்குக் காணிக்கையாக்கினார். அவள் 1803இல் வேறொருவரை மணந்தாள். காதல் தோல்விதான் இந்த இசை என்று பல கட்டுரைகள் உருகும். எனக்கென்னவோ அந்தக் கடிதம்தான் பெரிதாகப் படுகிறது.

ஒலிப்பதிவே இல்லாத ஒரு வாசிப்பும் இந்த வரிசையில் உண்டு. பிரான்ஸ் லிஸ்ட் இளம் வயதில் இந்த முதல் பகுதியை வாசித்தபோது, கைதட்டலுக்காக நடுக்கங்களையும் அலங்காரங்களையும் சேர்த்துக் கெடுத்தார் என்று இசையமைப்பாளர் பெர்லியோஸ் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து நண்பர் வீட்டில் விளக்கு மங்கிய ஓர் இரவில், லிஸ்ட் அதை மறுபடி வாசித்தார், இந்த முறை இருட்டில், ஒரு ஸ்வரம்கூடச் சேர்க்காமல். முடிந்தபோது அங்கே யாராலும் பேச முடியவில்லையாம்.

பலரும் முதல் பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் பகுதி இரண்டே நிமிட இளைப்பாறல். மூன்றாவது புயல். அதில் ஒரு நுணுக்கம்: கீழிருந்து சீறி ஏறும் ஒவ்வொரு அலையையும் மெதுவான ஒலியில்தான் தொடங்கச் சொல்கிறார் பீத்தோவன், உச்சியில் வரும் இரண்டு அடிகளுக்கு மட்டுமே அழுத்தம். காணொளிகளில் இதைப் பந்தயக் கார் போல ஓட்டுகிறவர்கள் அடிமுதல் நுனிவரை இடித்துத் தள்ளிவிடுவார்கள். ஆனி ஃபிஷரைக் கேளுங்கள். 1970களின் இறுதியில் எல்லாச் சொனாட்டாக்களையும் பதிவு செய்துவிட்டு, திருப்தி இல்லாமல் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் 1995இல் இறந்த பிறகுதான் அவை முழுமையாக வெளிவந்தன. அவர் வாசிப்பில் கோபம் முதலில் அடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் வெடிக்கும்போது பயமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை இரவு அக்கா வீட்டில் தங்கினேன். வீவக வீடு, இரவில் சத்தம் கூடாது. பிள்ளை தன் மின்பியானோவில் ஹெட்ஃபோனைச் செருகித்தான் பயிற்சி செய்வாள். வெளியே நமக்குக் கேட்பது கட்டைகள் தட்டுப்படும் ‘டொக் டொக்’ ஓசை மட்டும்.

பட்டியலை எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். “யார் மாதிரி வாசிக்கப்போறே?” என்றேன். பதில் சொல்லாமல் ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள். வீட்டில் இருப்பது ஒன்றுதான். அதை எனக்குக் கொடுத்துவிட்டால் அவளுக்கு எதுவும் கேட்காது.

“நீ எப்படி வாசிப்பே?”

“விரலுக்குத் தெரியும் சித்தி.”

கால் பெடலில் இறங்கியது, எழவில்லை. கூல்டைவிட மெதுவாக, சாலமனைவிட வெகு வேகமாகப் போனாள். நடுவில் ஓரிடத்தில் ஸ்வரங்கள் கலங்கின, அடுத்த இடத்தில் தானாகத் தெளிந்தன. ஒரு பிழையும் இருந்தது. அவளுக்கு அது கேட்டிருக்காது, ஆனால் விரல் சட்டென்று சுருங்கியதைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன், எத்தனை நிமிடம் என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசி இரண்டு அடிகள் அடங்கும்வரை அவள் காலை எடுக்கவே இல்லை. பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

“எப்படி இருந்துச்சு?”

ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். “இன்னொரு தடவை வாசி. இந்தத் தடவை நீ கேளு.”