'ரன்' சொல்லுக்கு 645 பொருளா?

ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் உண்டு என்ற செய்தி 2011 முதல் ஓயாமல் சுற்றி வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உழைத்துத் திருத்திய 'ரன்' பதிவிலிருந்து வந்த எண் அது. எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் அதைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் எழுதியதும் எண் பிரபலமாகிவிட்டது. எண்ணில் பொய் இல்லை. அதை வைத்து ஒரு சாரார் ஆங்கிலத்தின் வளத்தை மெச்சுகிறார்கள். இன்னொரு சாரார் இதை எப்படிக் கற்றுத் தீர்ப்பது என்று மலைக்கிறார்கள். இருவருமே அகராதியின் குணத்தை மொழியின் தலையில் கட்டுகிறார்கள்.

முதலில் அந்த 645 எப்படிச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வரலாற்று அகராதி. எப்போதோ வழக்கொழிந்த பொருளையும் அது விடாது. 'ரன் அவுட்', 'ரன் ஓவர்' போன்ற தொடர்களையும் அதே பதிவில் அடுக்கும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான வேர்ட்நெட் என்ற சொற்களஞ்சியமோ இதே வினைக்கு 41 பொருள்தான் தருகிறது. ஆறு ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, சளி பிடித்த மூக்கு ஒழுகுகிறது: மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்'தான். இது ஒரு பொருளா, மூன்றா? நீர் ஒழுகுவது என்ற ஒரே கருத்தாக ஒருவர் சேர்ப்பார். ஆறு வேறு, மூக்கு வேறு என்று இன்னொருவர் பிரிப்பார். இருவரும் தேர்ந்த அகராதிக்காரர்களாகவே இருக்கலாம். சொற்பொருள்களைத் தனித்தனி அலகுகளாக எண்ண முடியும் என்பதில் தனக்கு நம்பிக்கையில்லை என்று ஆடம் கில்கேரிஃப் 1997-இல் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே அறிவித்தார். அகராதி வேலையில் ஊறியவர் சொன்னது என்பதால் அதற்குக் கனம் அதிகம்.

ஆங்கிலத்தின் வளம் என்ற வாதம் அந்த எண்ணைவிடப் பலவீனமானது. வண்டி ஓடினால் தன்வினை, வண்டியை ஓட்டினால் பிறவினை. நமக்கு ஓடு, ஓட்டு என இரண்டு சொல், அகராதியில் இரண்டு பதிவு. பழைய ஆங்கிலத்திலும் இப்படி வேறு வேறு வடிவங்கள் இருந்து, நாளடைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால் பேருந்து ஓடுவதும் கம்பெனியை நடத்துவதும் அங்கே ஒரே தலைப்பின் கீழ் குவிகின்றன. வடிவம் குறைந்ததால் நீண்ட பட்டியலை வளம் என்பது வேடிக்கைதான். தவிர, அதிகம் புழங்கும் சொல்லுக்குப் பொருளும் அதிகம் என்பதை மொழியியலாளர் ஜார்ஜ் ஜிப்ஃப் 1945-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். இது ஆங்கிலத்துக்கு மட்டும் வாய்த்த குணமன்று. தமிழில் படம் நூறு நாள் ஓடும், பிழைப்பு எப்படியோ ஓடும், பதற்றத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது. டீ, சண்டை, கோலம், ஊசி, வழக்கு, கையெழுத்து எல்லாவற்றையும் நாம் 'போடு'கிறோம். அதற்காகத் தமிழுக்குக் கிரீடம் சூட்ட வேண்டியதில்லை.

கற்பவருக்கு இந்தப் பட்டியல் சுமைதானே என்று கேட்கலாம். பெரும்பகுதி சுமையே அல்ல. எது 'ரன்' ஆகிறது என்று தெரிந்தாலே பொருள் பிடிபட்டுவிடும்: இயந்திரமென்றால் இயங்குகிறது, சாயமென்றால் துணியில் இளகிப் பரவுகிறது. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் தேர்தலில் போட்டியிடுவதற்கு 'ரன்' என்பார்கள். பிரிட்டனில் நம்மைப் போலவே வேட்பாளர் 'நிற்பார்'. வழக்கு அப்படி, காரணம் கேட்டுப் பயனில்லை. துணைச்சொல் சேர்ந்த தொடர்கள் இன்னும் படுத்தும். 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கைவசம் இருந்தது தீர்ந்துபோவது. ஆள்மீது வண்டி ஏறினாலும் 'ரன் ஓவர்', கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி இழுத்தாலும் 'ரன் ஓவர்'. இவற்றை ஓட்டத்திலிருந்து ஊகிக்க வழியில்லை. ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாகப் பாவித்து வாக்கியத்தோடுதான் படிக்க வேண்டும். அன்றாடப் பேச்சுக்கு இப்படிச் சில பத்துத் தொடர்கள் போதும்.