வைஃபை இருக்கு... வெப்சைட் மட்டும் திறக்கலையா?

மாலை ஆறு மணி. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மதுரைப் புறநகரில் ஒரு வீடு. கம்ப்யூட்டரில் வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது. ஆனால் விண்ணப்பப் பக்கம் மட்டும் திறக்கவே இல்லை. ரௌட்டரை நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பலன் இல்லை. 'லைன் போச்சு' என்று கேபிள்காரருக்கு போன் போகிறது.

உண்மையில் லைன் போகவில்லை. பெரும்பாலும் வழி சொல்லும் ஆள்தான் காணாமல் போயிருப்பார். அவர் பெயர் டிஎன்எஸ்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வெளியூர்க்காரர், 'புதுமண்டபம் எங்கே?' என்று கேட்கிறார். பெயர் அவருக்குத் தெரியும், இடம் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் வழி சொன்னால் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே போய்ச் சேர்ந்துவிடுவார். இன்டர்நெட்டிலும் அப்படித்தான். நாம் தட்டுவது வெப்சைட்டின் பெயர். கம்ப்யூட்டருக்குத் தேவை அதன் ஐபி எண். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்வதுதான் டிஎன்எஸ் சர்வரின் வேலை. 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த இந்த ஏற்பாட்டில்தான் இன்றும் உலகமே ஓடுகிறது. எண் ஏற்கெனவே தெரிந்த சில ஆப்கள் மட்டும் வழி கேட்காமலே வேலை செய்யும். வாட்ஸ்அப் வந்ததும் வெப்சைட் வராததும் அதனால்தான்.

கோளாறு எங்கே?

முதலில், அதே வைஃபையில் செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால் கோளாறு கம்ப்யூட்டரில். இரண்டிலும் வரவில்லை, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்த்தால் வருகிறது என்றால் ரௌட்டரிலோ இணைப்புத் தரும் நிறுவனத்திலோ சிக்கல். எதிலுமே வரவில்லை, ஆனால் மற்ற வெப்சைட்கள் எல்லாம் திறக்கின்றன என்றால் அந்த வெப்சைட்டே படுத்திருக்கிறது. அப்போது எந்த செட்டிங்கிலும் கை வைக்க வேண்டாம். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களையே யாராலும் எட்ட முடியவில்லை. நம் வீட்டு ரௌட்டர் அதற்கு என்ன செய்யும்?

கம்ப்யூட்டரில் இன்னொரு சோதனையும் உண்டு. கமாண்ட் ப்ராம்ப்டில் பிங் கட்டளையோடு 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் வெப்சைட் பெயரைக் கொடுத்தால் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. அப்படியானால் சந்தேகமே இல்லை, டிஎன்எஸ்தான்.

என்ன செய்யலாம்?

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ப்ராபர்ட்டீஸ் என்று உள்ளே போனால் 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' தெரியும். யாரோ எப்போதோ போட்ட பழைய எண் அங்கே இருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். ஏற்கெனவே ஆட்டோமேட்டிக்தானா? கூகுளின் 8.8.8.8, 8.8.4.4 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, 1.0.0.1 எண்களைக் கொடுத்துப் பாருங்கள். மாற்றும் முன் பழைய எண்ணை போட்டோ எடுத்து வைப்பது நல்லது. ஆண்ட்ராய்டு போனில் மட்டும் சிக்கல் என்றால் 'ப்ரைவேட் டிஎன்எஸ்' பகுதியில் தவறான பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கம் திறந்தால் மட்டும் போதாது

வழி சொல்பவர் காணாமல் போனால் தொல்லை. அவரே ஏமாற்றுக்காரராக இருந்தால் ஆபத்து. 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற வைரஸ் அதைத்தான் செய்தது. கம்ப்யூட்டரில் நுழைந்து டிஎன்எஸ் எண்ணை மாற்றி, கேட்ட இடத்துக்குப் பதிலாக வேறு பக்கங்களுக்கு அனுப்பியது. ஃபேக்டரி பாஸ்வேர்டு மாறாத ரௌட்டர்களுக்குள்ளும் நுழையப் பார்த்தது. நூறு நாடுகளுக்கு மேல், சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் சிக்கின. 2011 நவம்பரில் எஸ்டோனியாவைச் சேர்ந்த ஆறு பேர் கைதானதை அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது.

அடுத்து வந்ததுதான் விசித்திரம். திருடர்களின் சர்வரை உடனே அணைத்தால், பாதிக்கப்பட்டவர்களின் இன்டர்நெட்டும் நின்றுவிடும். எனவே நீதிமன்ற உத்தரவின்படி, அதே எண்களில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள்.

அதனால் ரௌட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் 192.168.1.1 போன்ற எண்ணை பிரவுசரில் தட்டினால் ரௌட்டரின் பக்கம் வரும். டிஎன்எஸ் பகுதியில் புரியாத எண் இருந்தால் அது தங்களுடையதுதானா என்று இணைப்புத் தந்தவரிடம் கேளுங்கள். 'அட்மின்' என்றே இருக்கும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். வங்கிப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் எச்சரித்தால் அதற்கு மேல் ஒரு எழுத்தும் தட்டாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

சரி, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால்? செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு முதலில் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். ரௌட்டரை ராத்திரி சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.