இரைச்சலும் இசையாகுமா?

வீணையும் வயலினும் எழுப்புவது இசை. இயந்திரம் எழுப்புவது வெறும் இரைச்சல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது சரிதானா?

'சில்வர் ஆப்பிள்ஸ்' என்னும் அமெரிக்க ராக் குழுவின் முதல் இசைத்தட்டு 1968இல் வெளிவந்தது. குழுவில் இருவரே இருந்தனர். டேனி டெய்லர் டிரம்ஸ் வாசித்தார். சிமியோன் காக்ஸ் பாடிக்கொண்டே, மின்சாரத்தால் ஒலியெழுப்பும் ஆசிலேட்டர்களை அடுக்கி வைத்துக் கைகளாலும் கால்களாலும் முழங்கைகளாலும் இயக்கினார்.

முன்பு இவர்கள் நியூயார்க்கில் வேறொரு குழுவில் இருந்தனர். சிமியோன் பழைய ஆசிலேட்டர் ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகினர். டேனி மட்டும் உடன் நின்றார்.

முதன்முறை கேட்டபோது நாங்களும் சிரித்தோம். மறுமுறைதான் அந்த ரீங்காரத்துக்கு அடியில் டிரம்ஸ் தாளம் தவறாமல் துணை நிற்பது புரிந்தது. இரைச்சலை இசையாக்கியது அந்தத் துணையே என்பது எங்கள் கருத்து.

அன்று இவர்களுக்குப் பெரும் புகழ் கிடைக்கவில்லை; இரண்டாவது இசைத்தட்டுக்குப் பின் குழு கலைந்தது. ஆனால் 1990களில் புதிய தலைமுறை இவர்களைத் தேடிக் கேட்டது.

நம் வகுப்பிலும் ஒருத்தி வேறுவிதமாக வரைந்தாலோ பாடினாலோ நாம் முதலில் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பிலேயே அவள் அடங்கிவிடுகிறாள். புதுமை செய்யத் துணிவு வேண்டும். துணை நிற்கவும் அதே துணிவு வேண்டும். தோழியரே, விலகிப் போனவர்களாக இருக்கப் போகிறோமா, டேனி டெய்லராக இருக்கப் போகிறோமா?